அவகாசம் வேண்டாம் என்றேன்

மைசூரில் தனியாளாக வந்து காப்பி கேட்பவனை அந்த ஊர் சற்று இரக்கத்தோடு பார்க்கிறது. தேவராஜ மொஹல்லாவில், பூக்கடைகளுக்குப் பின்புறம், நின்றுகொண்டே குடிக்கும் ஒரு சிறிய கடை. எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் "பை டூ" என்றார்கள். ஒரு காப்பியை இரண்டு குவளைகளில் பாதி பாதியாக ஊற்றித் தருவதற்கு அங்கே அப்படிப் பெயர். சுமை இறக்குவோர், கணவன் மனைவியர், வழக்கு மன்றத்திலிருந்து முகம் சிவந்து வந்த பங்காளிகள் என எல்லாரும் இருவர் இருவராகவே வந்திருந்தனர். முழுக் காப்பி எனக்கு அதிகம் என்பதால் நானும் "பை டூ" என்றேன். கடைக்காரர் இரண்டு குவளைகளை வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னொப்ரு எல்லி?"

இன்னொருவர் எங்கே என்று கேட்கிறார். எவரும் இல்லை என்று கைகளை விரித்தேன். அவர் இரண்டாவது குவளையையும் என் பக்கமே நகர்த்தினார். இரண்டு பாதிகளையும் நானே குடித்தேன்.

நான் மைசூருக்குச் சென்றது ஒரு பேச்சுப் போட்டிக்காக. தமிழ் அமைப்பு ஒன்றின் ஆண்டு விழா. 'மக்களாட்சி உயிர்வாழ்வது சட்டமன்றத்திலா, கிராம சபையிலா?' என்பது தலைப்பு. கிராம சபையே என்பது என் கட்சி. பள்ளிப் பருவம் முதல் மேடையேறுகிறவன் நான். எந்தச் சொல்லில் குரலை உயர்த்த வேண்டும், எந்தச் சொல்லுக்குப் பின் மூன்று நொடி மௌனம் காக்க வேண்டும் என்பதை இனி எவரும் எனக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சியின் கருத்தை முதலில் முழுவதும் ஏற்றுக்கொண்டவன்போலப் பேசி, அவர்கள் மகிழ்ந்து கைதட்டும் வேளையில் வாதத்தைப் புரட்டிப் போடுவது என் வழக்கம். அன்றும் அதைச் செய்தேன். முதற்பரிசு எனக்கே கிடைத்தது. கிராம சபையைப் பற்றி ஏழு நிமிடம் முழங்கிய நான், சொந்த ஊரின் கிராம சபையில் ஒருமுறைகூட அமர்ந்ததில்லை. நடுவர்கள் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மண்டபத்தின் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. வந்திருந்த பெரியோர் தமிழுக்குக் கைதட்டினர், கன்னடத்தில் அளவளாவினர், ஆங்கிலத்தில் விடைபெற்றனர். கோப்பையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அருகில் வந்தாள்.

"ரொம்ப சென்னாகிப் பேசினீங்கண்ணா. பாதி அர்த்தமே ஆகலை. ஆதரூ, கேக்க ஜோரா இருந்துச்சு."

சென்னாகி என்றால் நன்றாக, ஆதரூ என்றால் ஆனாலும்; பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அன்று மாலை என்னிடம் எவரும் பேசிய கடைசி வாக்கியம் அதுதான் என்பதால் அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு தங்குமிடம் வரை நடந்தேன்.

மறுநாள் காலை செல்வி அக்கா தொலைபேசியில் அழைத்தாள். செல்வி அக்கா என் பெரியப்பா மகள். அந்தியூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து, மாதேஸ்வரன் மலைக் காட்டுக்கு அப்பால், ஹனூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மணமாகிப் போனவள். என் போட்டிப் பேச்சின் காணொளி குடும்பக் குழுவில் வந்திருக்கிறது. அவள் அதைத் தன் தெருவுக்கே காட்டிவிட்டாள்.

"கண்ணு, நாளைக்கு எங்கூர்ல கிராம சபெ. எங்க தெருவுக்கு ஒரு காரியம் ஆகோணும். நாங்க பேசுனா உக்காருன்னு சொல்லிப்போடறாங்க. நீ வந்து ரெண்டு வார்த்தை பேசுனீன்னா ஆயிரும். எல்லாரும் உன்ற பேச்சப் பாத்துட்டு, இந்தத் தம்பியக் கூட்டியாந்தே ஆகோணும்கறாங்க."

அழைப்பின்றியே மேடை ஏறத் துடிப்பவனை அழைத்தும்விட்டால் வேறென்ன செய்வான்? உடனே புறப்பட்டேன்.

புறப்பட்டது சரி, ஏறிய பேருந்துதான் தவறு. நெற்றிப் பலகையில் இலக்கங்கள்கூடக் கன்னடத்தில் இருந்தன. வட்டவட்டமாக, சுருண்டு கிடக்கும் எழுத்துகள். எவரையும் கேட்பது என் படிப்புக்கு இழுக்கு என்று எண்ணி, கூட்டம் ஏறிய வண்டியில் நானும் ஏறினேன். உள்ளே ஏறத்தாழ அனைவரும் பெண்கள். கட்டணமில்லாச் சீட்டை நடத்துநர் கிழித்துக் கிழித்துக் கொடுத்தபடி வந்தார். என்னிடம் வந்ததும், வசூலிக்க ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் நிமிர்ந்தார். ஹனூர் என்றேன். அவர் சிரித்ததைக் கண்டு முன்வரிசைப் பெண்களும் திரும்பிச் சிரித்தார்கள். அது குண்டலுபேட்டைக்குச் செல்லும் வண்டி.

நஞ்சன்கூட்டில் இறக்கிவிட்டார்கள். வாழைக்குலையோடு நிழலில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி என்னிடம் நீளமாக ஏதோ கேட்டார். புன்னகைத்தேன். மீண்டும் கேட்டார். மீண்டும் புன்னகைத்தேன். அவர் சலித்துக்கொண்டு, இரண்டு பழங்களைப் பிய்த்து என் மடியில் வைத்துவிட்டு, தம் பேருந்து வந்ததும் எழுந்து போனார். என்ன கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லால் வாழ்கிறவன் ஒரு பிற்பகல் முழுவதையும் புன்னகையால் மட்டுமே கடத்தினேன்.

அக்காவின் ஊர் ஒரே நெடுஞ்சாலையின் இருபுறமும் நின்றுகொண்டிருந்தது. பால் கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, ஒரு வங்கி, இரண்டு பேக்கரிகள், ஊராட்சி அலுவலகம். சாலையின் மேற்கே கோயில் தெரு. கிழக்கே, சரிவில், தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெரு. பேருந்து நிறுத்தத்துக்கு வந்திருந்த அக்கா, இடுப்பில் இரண்டு வயது மகனோடு முன்னால் நடந்தாள்.

"இதுதான் கண்ணு, தமிழ் பீதி."

"பீதியா? யாரைக் கண்டு?"

"அட, பீதின்னா இங்க தெரு. நீ பயந்துக்காதே."

வீதி என்ற நம் சொல்தான் அங்கே அப்படி ஒலிக்கிறது என்று சொல்லாராய்ச்சி செய்து மகிழ்ந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து களியும் அவரைக்காய்ச் சாறும் உண்டபோது இன்னொன்று கிடைத்தது. ஊராட்சியினர் அவர்கள் கோரிக்கையை ஒவ்வொரு முறையும் "முந்தின சபெ"க்குத் தள்ளிவிடுகிறார்களாம். கடந்து போன சபைக்கு எப்படித் தள்ள முடியும் என்று கேட்டேன்.

"இங்க முந்தினன்னா அடுத்தது கண்ணு. நம்மூரு முந்தின இல்லை. நானும் வந்த புதுசுல ஒரு வருசம் இதுல ஏமாந்தேன்."

முன்னால் இருப்பதைக் கன்னடம் வருங்காலம் என்கிறது. தமிழ் இறந்தகாலம் என்கிறது. என்ன அழகான முரண்! குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 'பேக்கு' என்றால் வேண்டும், 'பேடா' என்றால் வேண்டாம், 'பேடவே பேடா' என்றால் வேண்டவே வேண்டாம் என்பவற்றையும் அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். கன்னடத்தில் பாதி வடசொல், மீதி பழந்தமிழ். இரண்டும் அறிந்தவனுக்கு அதில் என்ன இடர் இருக்க முடியும்?

அவர்கள் கோரியது ஒரு 'கூசின மனெ'. கூசு என்றால் அங்கே குழந்தை. நூறு நாள் வேலையில் ஏரி தூர்வாரவும் வரப்புப் போடவும் போகும் பெண்கள் தம் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் காப்பகம் அது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் அதே பெண்களிலிருந்தே சிலரை அமர்த்துவார்கள். அக்காவின் கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்; மாதம் ஒருமுறை வருவார். அதுவரை பையனை வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், மகளின் பேறுகாலத்துக்காகக் கொள்ளேகால் போய்விட்டார். பையனை விட்டுவிட்டு அக்கா வேலைக்குப் போக முடியாது. காப்பகம் தமிழ்த் தெருவுக்கு வந்தால் அவளையே அதில் அமர்த்துவார்கள். அதற்கான ஒரு வாரப் பயிற்சியை மைசூரில் முடித்து வந்திருக்கிறாள். கோயில் தெருவுக்குப் போய்விட்டால் அவர்கள் ஆட்களே அமர்வார்கள்.

"இந்தத் தடவையும் தள்ளிப்போட்டாங்கன்னா, இவனத் தூக்கீட்டு அம்மா வூட்டுக்குத்தான் வரோணும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் பையனின் வாயைத் துடைத்தாள். அவள் அதைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கோயில் தெரு வலப்புறம், தமிழ்த் தெரு இடப்புறம். மேசைக்குப் பின்னால் மூவர். சபையை நடத்த வட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட கால்நடை மருத்துவர் நடுவில் இருந்தார். வடகர்நாடகத்துக்காரர், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். அவருக்கு இடப்புறம் ஊராட்சிச் செயலர். பி.டி.ஓ. என்று எல்லாரும் அழைக்கும் அவர், தடித்த ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். சபையில் நடப்பதை எழுதும் அந்தப் புத்தகத்துக்கு 'நடவளி' என்று பெயர். வலப்புறம் ஊராட்சித் தலைவி. கேள்வி எது வந்தாலும் அவருக்குப் பின்னால் நின்ற கணவரே விடை சொன்னார். தலைவி கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

முதலில் அனைவரும் எழுந்து, கர்நாடகத்தின் மாநிலப் பாடலான நாட கீதம் பாடினார்கள். கோயில் தெரு பாடியது. என் இடப்புறத்துத் தமிழ்த் தெருவும் ஒரு சொல் பிசகாமல் பாடியது. அக்காவும் பாடினாள். அவள் குரல் கன்னடத்தில் எனக்குப் புதியதாக இருந்தது. அத்தனை வாய்கள் அசைந்துகொண்டிருந்த அந்தப் பந்தலில் மூடியிருந்த வாய் என்னுடையது ஒன்றே. பாடல் முடிந்ததும், என் உதடுகளை எவரேனும் பார்த்திருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். எவரும் பார்க்கவில்லை.

தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று ஒவ்வொன்றாக முடிந்து காப்பகம் வந்தது. இரு தெருப் பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். மருத்துவர் கையமர்த்தினார். பி.டி.ஓ. அவர் காதில் ஏதோ சொன்னார். பின் மருத்துவர் நிமிர்ந்து, இடப்புறம் நோக்கி, தெளிவாக அறிவித்தார்.

"தமிழ் பீதிகெ ஈ சல அவகாச கொடோணா."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தமிழ்த் தெருவுக்கு இம்முறை அவகாசம் கொடுப்போம். மறுபடியும் தவணை! மறுபடியும் முந்தின சபை! அக்காவின் முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லை, நான் எழுந்துவிட்டேன். ஒலிவாங்கியை வாங்கினேன்.

"அவையோரே! தாய்மார்களே!" என்று தொடங்கினேன். ஏரிக்கரை மரக்கிளையில் கட்டிய தூளியை எடுத்துரைத்தேன். தாயின் கை மண்வெட்டியில் இருக்க, காது தூளியில் இருக்கும் நிலையை எடுத்துரைத்தேன். தமிழ்த் தெரு அசையாமல் கேட்டது. கோயில் தெருவில் தமிழ் அறிந்தவர்களும் அமைதியானார்கள். மருத்துவர் மட்டும் ஒன்றும் புரியாமல் என் வாயையே பார்த்திருந்தார். அவருக்காகவே முடிவுரையை அவர் மொழியில் அமைத்தேன். மூன்று நொடி மௌனம். பின்:

"நமகெ அவகாச பேடா!"

மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "பேடவா?"

"பேடா!"

"நிஜவாகலூ?" உண்மையாகவா என்கிறார்.

"பேடவே பேடா!"

கோயில் தெரு கைதட்டியது. எழுந்து நின்று கைதட்டியது. என் பேச்சுக்கு எதிர்த்தரப்பு எழுந்து நின்றது அதுவே முதல் முறை. அவர்களில் ஒருவர் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, "வேண்டாம்னு அவங்களே சொன்ன மேலெ முடிஞ்சுதல்ல சார்!" என்று இரண்டு மொழிகளிலும் கூவினார். நான் தலைவணங்கி அமர்ந்தேன். பி.டி.ஓ. நடவளியில் எழுதினார். மருத்துவர் அடுத்த பொருளைப் படித்தார்.

இடப்புறம் எவரும் கைதட்டவில்லை என்பதை அதன் பிறகே கண்டேன். அத்தனை பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதுபோல.

"அப்பறம் கண்ணு?" என்றாள் அக்கா.

"அப்புறம் என்ன அக்கா? முடித்துவிட்டேன்."

"முடிச்சுட்டியா?" அவள் எழுந்து மேசைக்கு ஓடினாள். மருத்துவரிடம் ஏதோ சொன்னாள், கையெடுத்துக் கும்பிட்டாள். எழுதியாகிவிட்டது, நாளை அலுவலகத்துக்கு வாருங்கள் என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பந்தல் பிரிக்கப்படும்போதுதான் எனக்கு விளங்க வைத்தார்கள். கன்னடத்தில் அவகாசம் என்றால் காலம் இல்லை, வாய்ப்பு. "தமிழ்த் தெருவுக்கு இம்முறை வாய்ப்புக் கொடுப்போம்" என்றுதான் மருத்துவர் அறிவித்திருக்கிறார். கொடுத்த வாய்ப்பை, எங்களுக்கு வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று மூன்று முறை நான் மறுத்திருக்கிறேன்.

"அப்படியானால் ஏன் ஒருவரும் தடுக்கவில்லை?" என்றேன். என் குரல் எனக்கே சிறியதாகக் கேட்டது.

"நீ அந்த வீடியோவுல மொதல்ல ஆமாம்ன்ட்டு, அப்பறம் திருப்பிப் போட்டீல்ல" என்றாள் அக்கா. "இங்கயும் மொதல்ல வேண்டாம்ன்ட்டு அப்பறம் திருப்பிப் போடுவியாக்கும்னு காத்துக்கிட்டு இருந்தோம்."

அவள் பின்னால் நின்ற ஒரு பெண், காப்பகத்துக்காகக் கொண்டுவந்திருந்த தன் குழந்தையின் தூளித்துணியைத் தோளில் உதறிப் போட்டுக்கொண்டாள். "ஒரு ஊமையக் கூட்டியாந்திருந்தா இந்நேரம் காரியம் ஆயிருக்கும் செல்வி" என்றாள். சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அவளை அதட்டவும் இல்லை.

அன்று பிற்பகல் அக்காவின் வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் இருந்திருப்பேன். அவள் எனக்கு முதலில் சோறு போட்டாள்; குழம்பில் இருந்த முட்டையை என் தட்டில் வைத்தாள்; பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்திருந்தாள். சாலைக்கு வந்தேன். அதற்குள் ஊர் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. பால் சங்கத்து வாசலில் இருந்தவர்கள் ஒருவர்க்கொருவர், "பேடா சார் பந்த்ரு", அதாவது வேண்டாம் சார் வந்துவிட்டார், என்றார்கள். பேக்கரிக்காரர் பால்கோவாவில் செய்த பேடா ஒன்றைத் தாளில் வைத்து நீட்டினார்.

"சார், பேடா பேக்கா? பேடவா?"

கடை முழுவதும் சிரித்தது. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. எங்கள் ஊரிலும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். ஆனால் அங்கே நான் திருப்பிச் சொல்ல ஒரு சொல் வைத்திருப்பேன். இங்கே அந்த இனிப்பை நின்றுகொண்டு தின்று முடித்தேன். சாலையின் எதிர்ப்புறத்தில் கோயில் தெருப் பெண்கள் இருவர், காப்பகத்துக்கு எந்த அறை என்று பேசிக்கொண்டு போனார்கள். 'மனெ' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

நான்காம் நாள் காலை ஊராட்சி அலுவலகம். பி.டி.ஓ. நடவளியை எங்கள் பக்கம் திருப்பி, வரியில் விரல் வைத்தார். அக்கா படித்தாள்: தமிழ் பீதியின் சார்பில் ஒருவர், அவகாசம் வேண்டாம் என்று தெரிவித்தார், சபை கைதட்டி ஏற்றது.

நான் மேசையில் கைகளை ஊன்றி நின்றேன். மொழிக்கு மொழி சொல் தன் பொருளை மாற்றிக்கொள்வதைப் பற்றி, நான் கூற எண்ணியதைப் பற்றி, எழுத்துக்கும் நோக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினேன். பொறுமையான மனிதர் அவர்; அக்கா மொழிபெயர்த்து முடிக்கும்வரை கேட்டார். 'காலாவகாச' என்று சொல்லியிருந்தால் தவணை என்றே பொருள்பட்டிருக்கும் என்றார். ஒரு 'கால' குறைந்ததால் வந்தது இது. இனி அடிக்க முடியாது. சபை நடத்திய அதிகாரி கையெழுத்திட்டுவிட்டார். வேண்டுமானால் அடுத்த சபையில் கேளுங்கள்.

"முந்தின சபெ" என்றாள் அக்கா மெதுவாக. பையனை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மூலையில், காசோலைகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார் தலைவி. அன்று கணவர் உடன் இல்லை. அவர் நிமிர்ந்து, என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"ஏனுங் தம்பி, உங்க ஓட்டு எந்தூர்லீங்?"

திகைத்தேன். "அந்தியூர்ப் பக்கம்மா. உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"என்ற ஆத்தா ஊரு கொளத்தூருங். தெரியாமெ என்ன? நேத்து நீங்க பேசுனதெல்லாம் புரிஞ்சுது. கடைசி வார்த்தைய மட்டும் விட்டுட்டாப் பாக்கி நெம்ப நல்லாத்தான் இருந்துது." பிறகு பி.டி.ஓ.விடம் திரும்பிக் கன்னடத்தில் பேசினார். முந்தைய நாள் ஒரு சொல்லும் உதிர்க்காதவர், இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டார். பி.டி.ஓ. தயங்கினார், ஒரு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், தலையாட்டினார்.

அக்கா எனக்குச் சொன்னாள்: கிராம சபையில் பேச அந்த ஊர் வாக்காளருக்கே உரிமை. வெளியூரான் பேச்சு சபைப் பேச்சாகாது. நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை நடவளியோடு இணைத்து, அந்த வரி செல்லாது என்று குறிப்பு எழுதிவிடலாம். வாய்ப்பு மருத்துவர் அறிவித்தபடியே தமிழ்த் தெருவுக்கு நிற்கும்.

"எழுதுங்கள்" என்றேன்.

பி.டி.ஓ. வெள்ளைத் தாளில் எழுதினார். எழுதி முடித்து ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார், அக்கா தமிழாக்கினாள்.

"நான் இந்த ஊரச் சேர்ந்தவன் இல்லை."

"சரி."

"எனக்கு இங்க ஓட்டு இல்லை. கிராம சபெயில பேச எனக்கு அதிகாரம் இல்லை."

"சரி."

"நான் பேசுனதுக்கும் தமிழ் பீதி ஜனங்களுக்கும் சம்பந்தம் இல்லை. யாரும் என்னையக் கூப்பிடலை."

"அக்கா, நீதானே கூப்பிட்டாய்?"

அவள் பையனை இறுக்கிக்கொண்டாள். தாளில் இன்னும் ஒரு பகுதி இருந்தது. சாட்சியாக அவள் கையெழுத்திட வேண்டிய பகுதி. பி.டி.ஓ. படித்தார். அக்கா தமிழாக்கவில்லை. அவர் மறுபடி படித்தார்.

"மேடம், இது வேண்டாமே" என்றாள் அக்கா, தலைவியை நோக்கித் தமிழிலேயே. "அவன் என்ற தம்பிங். எங்க பெரியவங்க ஒரே வூடுங்."

"தெரியுதுங்க செல்வி. ரேசன் கார்டுல அவரு பேரு இல்லைன்னுதானே எழுதியிருக்குது? அவரு உங்க குடும்பத்தாளுன்னு யாராச்சும் நாளைக்குச் சொன்னா இந்தத் தாளு நிக்காதுங்க."

பையன் மேசை மீதிருந்த முத்திரைக் கட்டைக்குக் கை நீட்டினான். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. 'குடும்ப' என்ற சொல்லும் 'இல்லா' என்ற சொல்லும் என் காதில் விழுந்திருந்தன. அந்த இரண்டுக்கும் இரு மொழிகளிலும் ஒரே பொருள்தான்.

"போடு அக்கா" என்றேன்.

முதலில் நான் கையெழுத்திட்டேன். மேடைகளில் பரிசுப் பதிவேடுகளில் இடும் அதே நீண்ட கையெழுத்து. தமிழில், முழுப் பெயராக. பி.டி.ஓ. அதைப் புரியாமல் பார்த்து, பரவாயில்லை என்றார். அக்கா பையனைத் தலைவியின் கையில் கொடுத்துவிட்டு எழுதுகோலை வாங்கினாள். பத்தாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தவள் அவள்; எனக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுத்த சிலேட்டு அவளுடையது. குனிந்து, நிதானமாக, கன்னடத்தில் எழுதினாள்.

பி.டி.ஓ. தாளை நடவளியில் இணைத்து, வரியின் ஓரத்தில் குறிப்பு எழுதி, அந்தப் பக்கத்தில் முத்திரை குத்தினார். திங்கட்கிழமை முதல் வரலாம் என்று அக்காவிடம் சொன்னார். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மை காய்வதற்காகப் புத்தகம் என் முன்னால் திறந்தே கிடந்தது. தாளில் இருந்த அத்தனையும் எனக்காக, என்னைப் பற்றி எழுதப்பட்டவை. அதில் என்னால் படிக்க முடிந்தது என் பெயர் ஒன்றே. அதற்குக் கீழே, ஈரம் மின்ன, வட்டவட்டமாக ஒரு சொல் இருந்தது. அது செல்வி என்று எனக்குத் தெரியும். எந்த எழுத்து செ, எந்த எழுத்து வி என்றுதான் தெரியவில்லை.